கந்தைக்கு வந்த யோகம்

தமிழில் ஒரு மனிதனுடைய தரித்திரத்தை ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிட வேண்டுமானால் 'கந்தை' என்று சொன்னால் போதும்; அதற்கு மேல் அவன் வீட்டு அடுப்பைப் பற்றியோ கூரையைப் பற்றியோ யாரும் விசாரிக்கமாட்டார்கள். வடமொழியில் 'கந்தா' என்று வழங்கி, சந்நியாசிகள் தரித்த ஒட்டுத் துணியைக் குறித்து வந்த அதே சொல், வங்காளத்துக்குப் போய்ச் சற்றே மூக்கில் ஏறிக் 'காந்தா' என்று ஒலித்ததும், கண்ணாடிப் பேழைக்குள் விளக்குப் போட்டு வைத்துப் பார்க்கப்படும் கலைப்பொருளாகிவிட்டது. ஒரு வயிற்றில் பிறந்த சகோதரிகளில் ஒருத்தி குடிசையிலும் மற்றவள் ஜமீன் மாளிகையிலும் வாழ்க்கைப்பட்ட கதைதான் இது. பொருள் என்னவோ ஒன்றுதான்: உடுத்தி, துவைத்து, வெளுத்து, இழை நைந்து, இனி உடுத்த யோக்யதை இல்லை என்று ஒதுக்கப்பட்ட பழந்துணி.

அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு செல்வச் சகோதரி இருக்கிறாள் என்பதை நான் அறிந்துகொண்டது கல்கத்தாவில். என் கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டு லேக் மார்க்கெட்டுக்கு அருகே, தமிழர் குடித்தனங்கள் நெருங்கியிருந்த தெருவொன்றில் நாங்கள் ஜாகை பார்த்துக்கொண்டபோது, கீழ்க்கட்டில் ஒரு வங்காளி மூதாட்டி இருந்தார். தெருவே அவரை மாஷிமா என்று அழைத்தது. அவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களை அவ்வூர்ப் பெரியவர்கள் அழைக்கும் வழக்கப்படி 'பௌமா' என்பார். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்ணொருத்தியிடம், ஆறு புடவைகளைப் போட்டு ஒரு எவர்சில்வர் தூக்குக்காக நான் அரைமணி நேரம் வாதாடிப் பேரம் படியும் தறுவாயில், மாஷிமா மெல்லப் படியேறி வந்து, குவியலில் கைவிட்டு, தோய்த்துத் தோய்த்துப் பட்டுப்போல் ஆகியிருந்த இரண்டு நூல் புடவைகளை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "பௌமா, இந்தப் புடவைகளுக்கு இப்போதுதான் வயது வந்திருக்கிறது" என்று பொருள்படும்படி ஏதோ சொன்னார். பாத்திரக்காரிக்கு வந்த கோபத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. தூக்கு போயிற்று, அன்று பிடித்த ஊசி மட்டும் என் கையை விட்டுப் போகவில்லை.

மேல்நாட்டார் 'குவில்ட்' என்று சொல்லும் போர்வைக்கு மூன்று அடுக்கு உண்டு. பல துண்டுத் துணிகளை இணைத்துச் சித்திரம்போல் அமைத்த மேல் விரிப்பு, நடுவே பஞ்சு, அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்கும் தையல்தான் அதற்கு உயிர். வங்காளத்துக் காந்தாவிலோ பஞ்சு கிடையாது. பழந்துணியின் மேல் பழந்துணியாக அடுக்கித் தைத்தால், அடுக்குகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்றே குளிருக்குக் காவலாகிவிடுகிறது. ஐந்தரை மீட்டர் புடவையொன்றை நான்காக மடித்தால் குழந்தைக்கு ஒரு போர்வை ஆயிற்று. தையலும் அரிச்சுவடித் தையல்தான்: ஊசியை உள்ளே விட்டு வெளியே எடுத்து நேர்க்கோட்டில் போய்க்கொண்டே இருப்பது. நம் தையல் வகுப்புகளில் இதற்கு ஓட்டுத் தையல் என்று பெயர். துணியின் மேல் துணி வைத்துத் தைப்பதோ ஒட்டு வேலை. குறிலும் நெடிலும் மாறினால் தொழிலே மாறிவிடும் ஆபத்து இருப்பதால், அச்சுக் கோப்பவரை இவ்விடத்தில் ஜாக்கிரதையாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாஷிமா கற்றுக்கொடுத்த முறையைச் சொல்கிறேன். கஞ்சிப் பசை அறவே போகும்படி புடவைகளை அலசி உலர்த்தித் தரையில் விரித்து, இருவர் எதிரெதிரே நின்று சுருக்கமின்றி இழுத்து, மூலைக்கொரு பாரம் வைக்கவேண்டும். எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டியும் அம்மிக் குழவியும் இரண்டு பஞ்சாங்கக் கட்டுகளும் அந்தக் கைங்கரியத்தைச் செய்தன. அவருடைய பாட்டியார் காலத்தில் ஓரங்களை ஈச்சமுள்ளால் குத்தி நிறுத்துவார்களாம். பிறகு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, விரற்கடைக்கு ஒன்றாகப் பெரிய தையல்களைத் தற்காலிகமாகப் போட்டுக்கொண்டு போனால், ஒளிந்திருக்கும் சுருக்கமெல்லாம் முன்னே தள்ளப்பட்டு ஓரத்தில் வந்து வெளியேறிவிடும். நூலைக் கடையில் வாங்கவே கூடாது என்பது அவருடைய சித்தாந்தம். கிழிந்த புடவையின் கரையிலிருந்து சிவப்பும் நீலமும் கறுப்புமான இழைகளைப் பொறுமையாக உருவி, இரண்டு மூன்றாகச் சேர்த்து முறுக்கி, அந்த நூலாலேயே அந்தப் புடவையைத் தைக்கவேண்டும்.

முதல் வரிசையைப் பெருமையோடு முடித்து நான் நீட்டியபோது, அவர் முன்புறத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் துணியைத் திருப்பினார். பின்புறத்தில், நான் வழக்கம்போல் நூல் நுனியில் போட்டிருந்த முடிச்சு, கடுகளவில் துருத்திக்கொண்டு நின்றது. குழந்தையின் முதுகில் அது உறுத்தாதா என்று கேட்டு, வரிசை முழுவதையும் பிரித்துவிட்டு, ஊசியை அரை அங்குலம் தள்ளித் துணியின் அடுக்குக்குள் நுழைத்து, வரிசை தொடங்கும் இடத்தில் வெளியே எடுத்து, இழைநுனி உள்ளேயே மறைந்து தங்கும்படி ஒரு சிறு பின்தையல் இட்டுக் காட்டினார். அன்று முதல் எவர் வீட்டில் எந்தத் தையல் வேலையைக் கண்டாலும் திருப்பிப் பார்க்கும் துர்க்குணம் எனக்கு ஒட்டிக்கொண்டது. இதனால் இரண்டொரு சிநேகிதிகளை இழந்தும் இருக்கிறேன்.

கால் அங்குலத்துக்கு ஒரு வரிசையாகத் தைத்தால், 54 அங்குல நீளமும் 45 அங்குல அகலமும் உள்ள சிறு போர்வைக்கு 180 வரிசை வரும். அங்குலத்துக்கு ஐந்து தையல் என்றால் ஏறக்குறைய ஐம்பதாயிரம் தையல். நாளுக்கு ஒரு வரிசை வீதம் ஆறு மாத வேலை. இதைக் கேட்டு மலைப்பவர்கள் இந்தப் பொழுதுபோக்கின் ரகசியத்தை இன்னும் தெரிந்துகொள்ளாதவர்கள். முதல் பத்து வரிசை வரை மனம் முரண்டு பிடிக்கும். அதன் பிறகு கை தன் வேலையைத் தானே செய்யத் தொடங்கி, மனம் ஊஞ்சலில் உட்கார்ந்தாற்போல் ஆகிவிடும். முப்பது நாற்பது வரிசை ஆனதும், நூல் இழுக்கும் இழுப்பில் தையலுக்கும் தையலுக்கும் இடைப்பட்ட துணி மெல்ல எழும்பி, குளத்து நீரில் காற்று அடித்தாற்போல் துணி முழுவதும் சிற்றலை பாயும். அந்த அலையை யாரும் வரைந்து வைப்பதில்லை. பொறுமையாகத் தைத்தவள் கைக்கு அது தானாக வந்து சேருகிறது. முதன்முறை அதை உள்ளங்கையால் தடவியபோது ஏற்பட்ட சந்தோஷத்துக்கு ஈடாக ஒரு எவர்சில்வர் தூக்கு என்ன, கடையையே கொடுக்கலாம்.

குளிருக்குப் போர்த்துக்கொள்ளத் தைத்ததோடு வங்காளத்துப் பெண்கள் நின்றுவிடவில்லை. புத்தகத்தைச் சுற்றி வைக்க ஒன்று, கண்ணாடியும் சீப்பும் வைக்க ஒன்று, தலையணைக்கு ஒன்று, விருந்தாளி உட்கார ஒன்று என்று தனித்தனிப் பெயரோடு காந்தாக்கள் உண்டு. நடுவில் தாமரை, நான்கு மூலைகளிலும் நம் காஞ்சிபுரத்துப் புடவையில் மாங்காய் என்று நாம் சொல்லும் 'கல்கா', இடையில் யானையும் மீனும் பல்லக்கும். கரைக்கு இடும் கோலங்களுக்கு எறும்பு வரிசை, நெற்கதிர், தேள் என்று பெயர். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி கண்ணுக்கு எட்டிய உலகத்தைப் பெண்கள் பெயரிட்டுத் தைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் வந்த பிறகு துப்பாக்கி ஏந்திய துரையும் ரயில் வண்டியும்கூடத் தாமரைக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டதை, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காந்தாக்களில் காணலாம்.

ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தராக ஜில்லா ஜில்லாவாகச் சுற்றிய குருசதய் தத், மற்ற அதிகாரிகள் புலித்தோல் சேகரித்த காலத்தில் கிராமத்து வீடுகளிலிருந்து இந்தப் பழந்துணிகளைச் சேகரித்தார். கல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரால் விளங்கும் மியூசியத்தில் அவை இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்து, அவருக்கு அதைச் சமர்ப்பிக்கும் வாசகத்தையும் ஊசியாலேயே எழுதி வைத்திருக்கிறாள். கல்கத்தா சர்வகலாசாலையில் ஆசிரியையாக இருந்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் திரட்டியவை கடல் கடந்து பிலடெல்பியாவின் கலை மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஜசீமுத்தீன் என்ற கவி 1929-ல் வெளியிட்ட கதைக் காவியம் ஒன்றின் பெயரிலேயே காந்தா இருக்கிறது. கணவனைப் பிரிந்த பெண்ணொருத்தி தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்துவிட்டு, தன் கல்லறையின் மேல் அதை விரிக்கச் சொல்வதே கதை. 2023-ல் பிரீத்திகணா கோஸ்வாமி என்ற காந்தாக் கலைஞருக்கு இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ அளித்தபோது, ஊசிக்கும் நூலுக்கும் ராஜ மரியாதை கிடைத்துவிட்டதென்று நான் எங்கள் வீட்டில் பாயசம் வைத்தேன்.

நம் நாட்டில் இந்தப் பழக்கத்துக்கு இன்னும் பழைய வம்சாவளி உண்டு. பிக்ஷுக்கள் துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த சீவரத்தையே அணியவேண்டும் என்ற விதி ஏற்பட்டபோது, புத்தர் மகத நாட்டு வயல்களின் வரப்புகளைச் சுட்டிக்காட்டி இதைப்போல் தைக்க முடியுமா என்று ஆனந்தரைக் கேட்டதாகவும், அவர் அப்படியே அமைத்துக் காட்டியதாகவும் விநய பிடகம் கூறுகிறது. அறுவடையான தஞ்சாவூர் வயல்களை ரயில் ஜன்னல் வழியே பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும். பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் போடாமல் பழைய வேஷ்டியில் கிடத்தும் நம் வழக்கத்துக்கும் வங்காளத்துக் காந்தாவுக்கும் வித்தியாசம் தையல் ஒன்றுதான். பழந்துணி கண்ணேறு படாமல் காக்கும் என்று அவர்கள் நம்பினார்கள், மென்மையாக இருக்கும் என்று நாம் காரணம் சொல்கிறோம். கர்நாடகத்தில் யெல்லாப்பூர், ஹளியாள் காட்டுப் பிரதேசங்களில் வசிக்கும் சித்திகள், அதாவது போர்த்துக்கீசியரால் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியார், 'கவாந்தி' என்ற போர்வையை ஓரத்திலிருந்து தொடங்கிச் சதுரம் சதுரமாக உள்நோக்கித் தைத்துக்கொண்டு வந்து நடுமையத்தில் முடிக்கிறார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் பூ வைக்காவிட்டால் அந்தப் போர்வை நிர்வாணமாக இருக்கிறது என்பார்கள்.

இவற்றையெல்லாம் படித்தும் பார்த்தும் அறிந்த பிறகும், ஏழைகள் குளிருக்குச் செய்துகொண்ட ஏற்பாட்டை வயிறு நிறைந்தவர்கள் பொழுதுபோக்காக்கிக்கொள்வது நியாயமா என்ற சங்கடம் எனக்கு வெகுநாள் இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் அலபாமா மாகாணத்திலுள்ள ஜீஸ் பெண்ட் என்ற குக்கிராமம். ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டிருக்கும் அந்த நிலத்தில் வாழ்கிறவர்கள், பெட்வே என்ற பருத்தித் தோட்ட முதலாளியின் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வம்சத்தார். அவர்களில் மிகப் பலருக்கு இன்றும் அந்த முதலாளியின் பெயரே குடும்பப் பெயராக நிலைத்திருக்கிறது. வாக்குரிமைக்குப் பதிவு செய்துகொள்ள அவர்கள் அக்கரைப் பட்டணத்துக்குப் போகத் தொடங்கிய காலத்தில், 1962-ல், படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. மறுபடியும் படகு ஓடியது 2006-ல்தான். சுவர் இடுக்குகளில் குளிர்காற்று புகாமலிருக்கப் பத்திரிகைத் தாள் ஒட்டிய மரவீடுகளில், அவ்வூர்ப் பெண்கள் வயலில் உழைத்துத் தேய்ந்த காற்சட்டைகளையும் மாவுச் சாக்குகளையும் வெட்டிப் போர்வை தைத்தார்கள். வெயிலில் வெளுத்த நீலத் துணியின் நடுவே, சட்டைப்பை பிரிக்கப்பட்ட இடம் மட்டும் ஆரம்ப நாளின் கருநீலம் மாறாமல் இருக்கும். அந்தக் கருநீலச் சதுரத்தை அவர்கள் கோலத்தின் ஓர் அங்கமாகவே வைத்து அமைத்தார்கள்.

அவ்வூரில் மிஸூரி பெட்வே என்ற பெண்மணியின் கணவர் இறந்தார். அவர் உடுத்தி உழைத்த துணிகளையெல்லாம் எடுத்து, மகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு அந்த அம்மாள் 1942-ல் ஒரு போர்வை தைத்தாள். முழங்காலில் தேய்ந்த நீலமும் சாம்பலும் பழுப்பும் நீண்ட பட்டைகளாக ஓடும் அந்தப் போர்வை, பிற்காலத்தில் உலகம் முழுவதும் பேர் பெற்றது. 2002-ல் ஹூஸ்டன் மியூசியத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி மியூசியத்திலும் அந்தக் கிராமத்துப் போர்வைகள் சுவரில் தொங்கியபோது, விமர்சகர்கள் நவீன ஓவிய மேதைகளின் பெயர்களையெல்லாம் உச்சரித்துப் புகழ்ந்தார்கள். படகு திரும்ப வந்த அதே 2006-ல் அவற்றின் படங்களை அமெரிக்கத் தபால் இலாகா தபால் தலைகளாக வெளியிட்டது. ஓவிய மேதைகளோடு அவர்களை ஒப்பிட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. குளிருக்கு மட்டும் என்றால் கிடைத்த துணியைக் கிடைத்தபடி ஒட்டியிருந்தாலே போதுமே! இந்தச் சிவப்புப் பட்டை இங்கே வேண்டாம், அங்கே போகட்டும் என்று விளக்கொளியில் ஒருத்தி யோசித்து மாற்றி வைத்தாளே, அந்த க்ஷணத்தில் அவளுக்குக் கிடைத்த ஆனந்தத்துக்குக் காசோ குளிரோ காரணமில்லை. வயிறு நிறைந்தவர்கள் செய்தாலும் அந்த யோசனையும் அந்த ஆனந்தமும் அதேதான் என்று தெரிந்ததும் என் சங்கடம் நீங்கியது.

சரீரத்துக்கும் மனத்துக்கும் இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு விஞ்ஞானிகளும் விடை தேடியிருக்கிறார்கள். டல்லாஸ் நகரில் 60 முதல் 90 வயது வரையுள்ள 221 பேரைப் பல பிரிவாக்கி, ஒரு பிரிவினர் குவில்ட் தைக்கவும், ஒரு பிரிவினர் டிஜிட்டல் காமிராவில் படம் எடுக்கவும், ஒரு பிரிவினர் இரண்டையுமே கற்கவும் ஏற்பாடு செய்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கூடிப் பேசிப் பொழுதைக் கழிப்பதே வேலை. வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரமாக மூன்று மாதம் நடந்த இந்தச் சோதனையின் முடிவு 2014-ல் பிரசுரமாயிற்று. புதிய வித்தையைக் கற்றவர்களின் ஞாபக சக்தி மேம்பட்டது; வெறும் பேச்சுக்கு அந்தப் பலன் இல்லை. ஆயினும் அந்த மேம்பாட்டில் பெரும்பங்கு காமிராக்காரர்களுக்கே போயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் தர்மம். கிளாஸ்கோ நகரத்துத் தையல் குழு ஒன்றிலிருந்த 29 பேரைக் கண்டு பேசி 2012-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், இருண்ட குளிர்காலத்தில் வர்ணத் துணிகளைக் கையாள்வதே மனத்துக்குத் தெம்பு தருவதாகவும், தைக்கும்போது கவலை மறந்துவிடுவதாகவும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட குளிர்காலமே இல்லாத மதுரையில் இப்போது உட்கார்ந்து தைக்கும் எனக்கும் அந்த அனுபவம் உண்டு.

துக்கத்தைச் சுமக்கவும் இந்தத் தையலுக்குத் திராணி இருக்கிறது. எய்ட்ஸ் நோயில் மாண்டவர்களை ஊரார் அடக்கம் செய்யக்கூடத் தயங்கிய நாளில், 1987 அக்டோபரில், அவர்களுடைய உற்றார் உறவினரும் நண்பர்களும் ஒவ்வொருவருக்காகவும் மூன்றடிக்கு ஆறடி அளவில், அதாவது ஒரு புதைகுழியின் அளவில், பெயர் பொறித்துத் தைத்த 1,920 துணிகளை வாஷிங்டன் நகரப் பெருவெளியில் விரித்து வைத்தார்கள். இன்று அவை சுமார் ஐம்பதாயிரமாகப் பெருகி, ஒரே இடத்தில் விரிக்க முடியாத போர்வையாகிவிட்டன.

பழக விரும்புகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. பட்டுப் புடவை வழுக்கும். பாலியெஸ்டர் எத்தனை வருஷமானாலும் நையாது, ஊசிக்கும் வழிவிடாது, அதைப் பாத்திரக்காரியிடமே போட்டுவிடலாம். பழைய சுங்குடிச் சேலையைப் போலத் தையலுக்கு இணங்கும் துணியை நான் கண்டதில்லை. தையற்காரர் கடையில் கேட்டால் வெட்டுத் துணி ஒரு மூட்டை சும்மாவே கிடைக்கும். இப்போது சிலர் நூற்றுக்கணக்கில் பணம் கொடுத்துப் புதுத் துணி வாங்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டி, மறுபடியும் ஒன்றாகத் தைப்பதைக் காண்கிறேன். அதிலும் சாமர்த்தியம் உண்டு, அழகும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போர்வையை விரித்து இது யாருடைய சட்டை, அது எந்தத் தீபாவளிப் பாவாடை என்று கேட்கும் குழந்தைக்கு அவர்கள் என்ன சொல்வார்கள் என்றுதான் யோசிக்கிறேன்.

என் மடியில் இப்போதிருப்பது, பேத்தியின் பிரசவத்துக்காக நான் தைத்துக்கொண்டிருக்கும் போர்வை. என்னுடைய இரண்டு சுங்குடிகளும், என் கணவர் ஆபீசுக்கு உடுத்திய வேஷ்டி ஒன்றும் அதற்குள் அடுக்கி இருக்கின்றன. 112 வரிசை ஆகிவிட்டது. இந்தக் கட்டுரையை எழுதும் சாக்கில் இன்று காலை அதைத் திருப்பிப் பார்த்தபோது, முப்பதாவது வரிசைக்குப் பக்கத்தில், கண்ணில் சத்திர சிகிச்சை செய்துகொண்ட மாதத்தில் போட்டதாக இருக்கவேண்டும், கடுகளவில் ஒரு முடிச்சு விரலில் தட்டுப்பட்டது. வெளிச்சம் இருக்கும்போதே அதைப் பிரித்தாக வேண்டும். ஆகையால் பேனாவை வைத்துவிட்டு ஊசியைத் தேடப் போகிறேன்.